முந்நூற்று இருபது அடி

பாலைவனத்துக்குப் போக
எட்டு மாதமாகத் திட்டம் போடுகிறோம்,
நானும் சேவியரும்.
மடிப்பாக்கம், இரண்டாவது மாடி,
வங்கி கொடுத்த போன வருடத்து டைரி.

முதல் பக்கத்தில் விமானம்.
தோகா வழி போனால் பதினோராயிரம் மிச்சம்,
ஆனால் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும்.
என் முழங்கால் துபாய் வழி என்கிறது.
இரண்டாம் பக்கம் ஓட்டல்.
ஞாயிறு முதல் வியாழன் வரை அறை மலிவாம்;
வெள்ளிக்கிழமை தோற்க வருகிறவர்களால்
வாடகை ஏறிவிடுமாம்.
மூன்றாம் பக்கத்தில் சேவியர் ஒரு கட்டம் போட்டு
உள்ளே எழுதியிருக்கிறார்:
சூதாட்டம், இருநூறு டாலர்.
அதற்குமேல் ஒரு டாலர் கிடையாது.
கீழே இருவர் கையெழுத்து.

இருபத்தாறு வருடம் காசாளராக
அடுத்தவர் பணத்தை எண்ணிய விரல் இது.
ஒருமுறையாவது தன் பணத்தை
எண்ணாமல் வைத்துப் பார்க்க வேண்டும் அதற்கு.

அந்த ஊரில் நீரூற்று ஆடுகிறது,
பாட்டுக்கு ஏற்றபடி, டிக்கெட் இல்லாமல்.
சேவியர் போனில் காட்டினார்.
பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்து பார்த்தேன்.
வருடத்துக்கு நாலு அங்குலம் மழை பெய்கிற இடமாம்.
"யார் வீட்டுத் தண்ணி அது?" என்றேன்.

மே மாதம் எங்கள் போர் வற்றியது.
செயலாளர் கோதண்டபாணி கூட்டம் போட்டார்,
கார் நிறுத்துமிடத்தில், ஆளுக்கு ஒரு டம்ளர் மோர்.
நீரோட்டம் பார்க்கிறவர்
உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடந்தார்.
முனிரத்தினத்தின் ஸ்கூட்டர் பக்கத்தில்
தேங்காய் எழுந்து நின்றது.
ஸ்கூட்டரை நகர்த்தினோம்.

அடிக்கு இவ்வளவு என்று ரேட்.
நூறில் களிமண்.
இருநூறில் பாறைப் புழுதி, மாடியில் காய்ந்த சேலையெல்லாம் வெள்ளை.
முந்நூற்று இருபதில் வண்டிக்காரர் இஞ்சினைத் தணித்து
எங்கள் முகங்களைப் பார்த்தார்:
நிறுத்தவா, இன்னும் போகவா?

பன்னிரண்டு வீட்டுக்காரர்கள்
ஒரு துளையைச் சுற்றி நின்றோம்.
யாரும் பேசவில்லை.
சேவியர் என்னைப் பார்த்தார்,
மூன்றாம் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கிற மாதிரி.
"போங்க" என்றது
என் குரல்தான்.

நானூற்றுப் பத்தில் ஈரம்.
கை நனையுமளவு.
அதை ஜெயித்தது என்பதா இல்லையா என்று
இன்னும் கூட்டம் நடக்கிறது.

எங்கள் பங்கு போக
டைரியில் இரண்டு இரவு அடிபட்டது; ஐந்து மூன்றானது.
தோகா வழிதான். முழங்கால் பொறுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு
ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி வரிசையில் நிற்க வேண்டும்.
எதற்குப் போகிறீர்கள் என்று கேட்பார்களாம்.
சுற்றிப் பார்க்க என்று சொல்லச் சொன்னார் ஏஜென்ட்.
சேவியர் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கிறார்.
நான் மொட்டைமாடியில்
தொட்டி மூடியைத் திறந்து
ஒட்டடைக் குச்சியை விட்டு ஆழம் பார்த்தபடி
எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன்:
தண்ணி பார்க்க, ஐயா.