கைகளுக்கு வசனம் இல்லை

என் வேலை எளிது.
போன ஷாட்டில் கோப்பையில் எவ்வளவு ஒயின் இருந்ததோ
இந்த ஷாட்டிலும் அவ்வளவே இருக்க வேண்டும்.
நாயகி அழுதால்
எந்தக் கண்ணில் முதலில் என்று குறித்துக்கொள்வேன்.

திபிலிசியில், சோலோலாக்கி மேட்டில்,
நிஜ உணவகம், நிஜ அடுப்பு.
திங்களன்று மட்டும் கடை விடுமுறை.
அதனால் எங்கள் படத்தில்
எல்லா நாளும் திங்கள்கிழமை.

கதை நீங்கள் ஊகிப்பதுதான்:
அவள் தலைமைச் சமையல்காரி,
அவன் வரிபாக்கி கேட்டு வந்தவன்.
நாற்பதாம் பக்கத்தில் மாவு மூட்டை கிழியும்
தொண்ணூறில் முத்தம்.

சிக்கல் கைகளில் வந்தது.
கின்காலிக்குப் பத்தொன்பது மடிப்பு.
நாயகியின் விரல்களோ
கைக்குட்டையைக் கசக்குவதுபோல் கசக்கின.
நாயகன் கத்தியைப் பார்த்தாலே கண்ணை மூடினான்.
சரி, குளோசப்புக்கு
கடை ஆட்களையே நிற்க வைப்போம் என்றார் இயக்குநர்.
அவளுக்கு ஈத்தேரியின் கை
அவனுக்கு பாத்ரியின் கை.

பாத்திரம் கழுவும் கோச்சா
என் காதருகே குனிந்தான்.
"மூணு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சில்லை.
உப்பு வேணும்னாகூட என் வழியாத்தான் போகும்.
போலந்து மீன் ஆலைக்கு மூணு மாசம்னு போனவன்
பதினாலு மாசம் கழிச்சு வந்தான்,
ஒரு மிக்ஸியோட."

முதல் டேக்:
ஒரே பேருந்தில் முன்பின் தெரியாத
இரண்டு பயணிகள் போல நான்கு கைகள்.
"காதல் போதவில்லை!" என்று கத்தினார் இயக்குநர்,
முழங்கைகளைப் பார்த்து.

நாயகனுக்குக் கையில் முடி கிடையாது.
ஒப்பனைக்காரி பாத்ரியை உட்கார வைத்து
மணிக்கட்டுவரை மழித்தாள்,
இறகு பிடுங்கிய கோழிபோல் விழித்தான் அவன்.
ஈத்தேரி சிரித்துவிட்டாள்.
ஃபிரேமுக்கு வெளியே நடந்தது.
நான் குறிக்கவில்லை.

ஆறாவது டேக்.
அவன் கட்டைவிரலைப் பிடித்து
மாவு விளிம்பில் அழுத்த வேண்டும் அவள்.
அழுத்தினாள். மடித்தாள். ஏழு, எட்டு, ஒன்பது.
முடி போன மணிக்கட்டில்
நீளமான ஒரு சூட்டுத் தழும்பு,
இந்த அடுப்பு தந்ததில்லை.
அவள் விரல் அங்கே போய் நின்றது.
பதினொரு விநாடி, என் கடிகாரப்படி.
யாரும் கட் சொல்லவில்லை.

"மாவு காயுது" என்றாள்.
"தண்ணி தொட்டுக்கோ" என்றான்.

ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

நியாயமாக நான் வாய் திறந்திருக்க வேண்டும்:
நாயகனுக்குத் தழும்பு இல்லையே என்று.
திறக்கவில்லை.
மானிட்டரை விட்டு இயக்குநர் எழவேயில்லை.
அடுத்த திங்களிலிருந்து நாயகன் கையில்
பென்சிலால் அதை வரைந்தார்கள்.
முதல் பாதியில் இல்லாத தழும்பு இரண்டாம் பாதியில்;
ஒரு விமர்சகர் அதைக் குறியீடு என்று எழுதினார்.

படம் பதினேழு நாள் ஓடியது.

மழை பெய்த ஒரு வியாழன்
காசு கொடுத்துச் சாப்பிடப் போனேன்.
கோச்சா தட்டை வைத்துவிட்டுப் புலம்பினான்:
"உப்பு இப்ப நேராப் போகுது.
சண்டைக்குத்தான் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுறாங்க."

கொண்டையைப் பிடித்துத் தூக்கி
மடிப்புகளை எண்ணினேன். பழக்கதோஷம்.
பதினெட்டு.
திரும்ப எண்ணினேன்.
உள்ளே அவள் குரல், மேலே ஏறி அவன் குரல்,
ஏதோ மூடி விழுந்து உருளும் சத்தம்.
பேனாவைத் தேடிய கையை இழுத்துக்கொண்டேன்,
சாறு ஒழுகுவதற்குள்
கடிக்க வேண்டும்.