செயப்பாட்டுவினை

"நாற்பத்தெட்டு நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன."
ஆறு மாதத் திருத்தத்தில்
கை வைக்காத ஒரே வரி இதுதான்.
இதழின் வழக்கம் அப்படி, ஆள் தெரியக்கூடாது.

பட்டது யார் என்று கேட்க அதில் இடமில்லை.
சட்பரியில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நடு ஏரியில் துளைக் கருவி மக்கர் செய்ய,
கை மரத்துப்போன டெனி
திருகாணியைப் பல்லால் கடித்து முடுக்கினான்.
உதட்டுத் தோல் இரும்போடு போயிற்று.
முறையியல் பகுதியில்
தோலுக்குப் பத்தி கிடையாது.
பதினேழாம் புட்டி
வண்டியிலேயே உறைந்து வெடித்தது.
அட்டவணை இரண்டில் அது ஒரு சிறு கோடு.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்.
என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஏரியின் பெயரை வெட்டினேன்.
பிறகு "அழகிய" என்பதை
(அது எப்போது உள்ளே நுழைந்தது?)
பிறகு டெனியின் நன்றியுரையில் பாதியை.
நிக்கல் மட்டும் அசையாமல் நின்றது,
லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று.

இரவு ஒன்றரை.
படங்கள் ஏறிவிட்டன, மூன்றாவது மட்டும் பக்கவாட்டில்,
ஏரி ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.
கடைசிப் பக்கம் கேட்கிறது:
நலன் முரண்பாடு ஏதும் உண்டா?

மாடியில் இளம்பரிதியின் குறட்டை.
உருக்காலையில் மாலை ஷிப்ட் முடித்து வந்தவன்.
இந்த வீட்டின் தவணை, இந்தக் கணினி,
ஆறிப்போன இந்தத் தேநீர் வரை
அந்தப் புகைபோக்கிக்குக் கீழே விளைந்தவை.

"இல்லை" என்ற கட்டம்
முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்தது.
யாரால்?

"உண்டு" என்று அழுத்தினேன்.
சின்னப் பெட்டி ஒன்று திறந்தது:
விளக்குக,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.