ஐஸ் வேண்டாம்

மூக்கையூர்க் கரையில் எதைக் கண்டாலும்
ஐஸ் போடத்தான் தெரியும்.
என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும்
லாரிக்காரர் ஒரு பாளத்தை உடைத்து நீட்டினார்.
வேண்டாம் அண்ணே, இது மீனில்லை.
மூன்று மில்லி இரத்தம்.
உள்ளே இருப்பவை இன்னும் உயிரோடு இருக்கின்றன,
குளிர்ந்தால் வேலை மறந்துபோகும்.
அவர் சிரிக்கவில்லை.
தலைத்துண்டை அவிழ்த்து
டப்பாவைச் சுற்றிக் கொடுத்தார்.
அந்தக் கவிச்சியோடு சாயல்குடி, இராமநாதபுரம்,
அப்புறம் ராத்திரி ரயில்.
மடியைவிட்டு இறக்கவில்லை.

பையன் பெயர் சந்தியாகு. பதினைந்து மாதம்.
இடது அக்குளில் எலுமிச்சை அளவு கட்டி
உடைந்து, ஆறி, மறுபடி உடைந்து.
பிறந்த மறுநாள் போட்ட காசநோய்த் தடுப்பூசி
இறங்கிய வழி அது.
ஊர் அதற்கு வைத்த பெயர்
முத்துராக்கு கை.

முத்துராக்கு, சுகாதார நர்ஸ்.
பதினெட்டு வருசம் அந்த மணலில்
சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம்.
செலஸ்தீனாவின் மூத்த பையனுக்கும்
அவள்தான் ஊசி போட்டாள்.
அவன் இரண்டு வயதைப் பார்க்கவில்லை.
இரண்டாவது பிள்ளைக்கும் கட்டி வந்ததும்
அவள் சைக்கிள் மணி கேட்டால்
தெருவே கதவடைத்தது.
அட்டைகளில் கட்டங்கள் காலி.
அந்த வருசம் தெற்குத் தெருவில் தட்டம்மை இறங்கியது.
அதையும் அவள் கணக்கிலேயே எழுதினார்கள்.

மஞ்சள் சாயம்.
நல்ல வெள்ளையணு கிருமியை விழுங்கி
வயிற்றுக்குள் ஒரு தீ மூட்டும்,
அதில் மஞ்சள் நீலமாகும்,
பேனாவை உதறியதுபோல்.
ஒப்பிட என் இரத்தம்: நீலம்.
பையனுடையதில் இருநூறு எண்ணினேன்.
ஒன்றுகூட இல்லை.
விழுங்கத் தெரிந்தவை, கொல்லத் தெரியாதவை.
கூண்டில் போட்ட நண்டாகக் கிருமி
உள்ளேயே பிழைத்துக் கிடந்தது.
ஊசி நல்ல ஊசிதான்.
போட்ட கையும்.

மூன்றாவது கண்ணாடி அம்மாவுடையது.
பாதி நீலம்,
பாதி வெறும் வெளிச்சம்.
நான் எழுந்து முகம் கழுவப் போனேன்.
செலஸ்தீனாவின் தம்பிகள் இருவர்
பால்குடியிலேயே போனதை
என் குறிப்பேட்டில் 'காய்ச்சல்' என்று
ஒரே சொல்லில் முடித்திருந்தேன்.

இருபத்தாறு வருடம், நாற்பத்தொரு கட்டுரைகள்.
அவற்றுள் ஒன்றில் சந்தியாகு
'ஏழாம் நோயாளி, ஆண், கடலோரப் பகுதி'.
ஊசி போட்டவர் என்று
எந்த அட்டவணையிலும் கட்டமில்லை.

நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு
திரும்பி வந்தேன், எதற்கென்று தெளிவில்லாமல்.
நர்ஸை விடுவித்தால்
தாயைக் கட்ட வேண்டியிருக்கும்.
யாருமில்லாத மதியத்தில் செலஸ்தீனா குனிந்து பார்த்தாள்.
வெகுநேரம்.
"இம்புட்டு நாளும் இத வச்சிக்கிட்டா
நடந்திருக்கேன்?"
இது யார் செய்ததும் அல்ல என்றேன்.
என் குரல் எனக்கே
மாத்திரைச் சீட்டு வாசிப்பதுபோல் கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில்
அவளே சொன்னாள், யாரும் கேட்காமல்.
"அவ கையில்ல. என் ரத்தம்."
இரண்டாம் வாக்கியத்தைத் திருத்த
நான் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.
யார் காதிலும் விழவில்லை.
திங்கட்கிழமை இரண்டு வீடு
முத்துராக்குவுக்குக் கதவு திறந்தது.
அன்றிலிருந்து மாமியார்
செலஸ்தீனாவோடு பேசவில்லை.
மருந்தின் பக்கவிளைவை எழுதத் தெரியும்,
உண்மையினுடையதை எந்தப் பத்தியில் எழுதுவது?

சந்தியாகு தினமும் மாத்திரை விழுங்குகிறான்.
மூன்றாம் வகுப்பு. ஈர மண்ணைக் கிளறாதே என்றால்
நண்டு வளையைக் கிளறுகிறான்.

போன வாரம் மறுபடி அந்தக் கரை.
செலஸ்தீனாவுக்கு இன்னொரு ஆண்பிள்ளை, நாலு நாள்.
முதல் ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறோம்.
நான் இரத்தம் எடுக்க
முத்துராக்கு பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.
வெயில் ஏறுமுன் லாரியருகே வந்தேன்.
அவர் என் முகத்தைப் பார்க்காமல்
டப்பாவை மட்டும் பார்த்தார்.
"ஐஸ் வேணாம், அதானே?"
என்றபடி
துண்டை அவிழ்க்கத் தொடங்கினார்.