அபராதச் சீட்டின் பின்பக்கம்

பிக் பைன் தீவுக்கு வருகிறவர்கள்
முதலில் பார்த்ததும் குட்டி என்பார்கள்.
குட்டியில்லை. நான்கு வயதுக் கலை.
அதன் தோள் என் இடுப்புக்கு எட்டாது.
உலகில் இதன் இனம் மொத்தமும்
இந்தச் சில தீவுகளில் மேய்கிறது,
நடுவே கீ வெஸ்டுக்குப் போகும் சாலை.

பதினொரு ஆண்டாக என் வேலை ஒரே வாக்கியம்:
மான்களுக்கு உணவு தராதீர்.
பலகையில் எழுதினேன், பள்ளியில் சொன்னேன்,
கார்க் கண்ணாடிகளைத் தட்டித் தட்டிச் சொன்னேன்.
கையைத் தேடி வரும் மான்
சாலைக்கும் வரும்.
அடிபட்டதை ஓரத்துக்கு இழுத்து
வாய் பிளந்து, பல் பார்த்து
வயது குறிப்பதும் நான்தான்.

ஒடாலிஸ் கார்போனெலுக்கு மட்டும்
ஏழு சீட்டுகள் எழுதியிருக்கிறேன்.
மோட்டலில் துணி வெளுக்கிறவர்.
ஒவ்வொன்றையும் நான்காக மடித்து
மேலங்கிப் பைக்குள் வைத்துவிட்டு
காபி குடிக்கிறாயா என்பார்.
தவணையில் கட்டினார், ஏழையும்.

பிறகு அந்த ஈ வந்தது.
கலைகள் பிணைக்காகக் கொம்பு கோக்கும் பருவம்,
ஒவ்வொரு கீறலும் அதற்கு ஒரு வாசல்.
அதன் புழு செத்ததைத் தொடாது.
உயிருள்ள சதைதான் வேண்டும்.

கழுத்தில் புழு நெளிந்த ஒன்றை நோக்கித்
துப்பாக்கியோடு நடந்தேன்.
அது ஓடவில்லை.
நெருங்க நெருங்க முகத்தை நீட்டியது.
என்னை அதற்குத் தெரியாது,
கை என்றால் தெரியும்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை.
மறுநாள் அலுவலகத்தில் ஆணை காத்திருந்தது:
மருந்தை ரொட்டியில் வைத்துக்
கையால் கொடுக்கவும்.

காட்டுக்குள் இருந்தவை என் சீருடையைக் கண்டதும்
குட்டைப்பனைப் புதருக்குள் மறைந்தன.
இரண்டு நாள், ஒரு பொட்டலம் ரொட்டி
என் வண்டியில் காய்ந்தது.
மூன்றாம் நாள்
ஏழு சீட்டு எழுதிய கையால்
ஒடாலிஸின் கதவைத் தட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. குத்திக்காட்டவுமில்லை.
வெண்ணெய் தடவலாமா என்று மட்டும் கேட்டார்.

விடியுமுன் வந்தன, ஒவ்வொன்றாக,
அவர் நாக்கைச் சொடுக்கிய சத்தத்துக்கு.
நான் சலவை இயந்திரத்தின் பின்னால்
மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்.
தின்றதன் முதுகில் நீலச் சாயம் வைத்தார்.
கணக்கு எழுதத் தாள் கேட்டேன்,
மேலங்கிப் பையைக் காட்டினார்.
அபராதச் சீட்டின் பின்பக்கங்களில் எழுதினேன்:
காது கிழிந்தவள், முழுத் துண்டு.
நொண்டி, பாதி.
தபால்காரன், இன்றும் வரவில்லை.

ஈ போனது. பலகைகளுக்குப் புது வண்ணம் அடித்தோம்.

அடுத்த ஆண்டு புயலில் கடல் ஏறி வந்து
காட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கியது.
சுண்ணாம்புப் பாறைக் குழிகளில்தான்
மான்கள் குடிக்கும் மழைநீர்.
இப்போது மாதம் ஒருமுறை
மீட்டரை விட்டுப் பார்க்கிறேன்.
உப்பிட்ட கடலை
உள்ளளவும் நினைக்கின்றன அந்தக் குழிகள்.
கரையோரப் பைன்கள் நின்றபடியே வெளுக்கின்றன.
இதற்கு எந்த ரொட்டி என்று
ஆணை ஏதும் வரவில்லை.

நேற்று ஒடாலிஸின் வீட்டு முன்
குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி,
விளிம்பு வரை குழாய்த் தண்ணீர்.
தண்ணீரும் விதிமீறல்தான்.
சீட்டுப் புத்தகம் மடியில் இருக்க
எதிர்ப்புறம் வண்டியிலேயே இருந்தேன்.

காது கிழிந்தவள் சாலையைக் கடந்தாள்.
பின்னால், கொஞ்சம் தள்ளி, புள்ளி மறையாத மறி.
வளைவில் மீன் லாரி.
இறங்கி ஓடி நடுவில் நின்று
கையை நீட்டினேன்.

லாரி நின்றது. ஓட்டுநர் ஹாரனை
அழுத்திக்கொண்டே இருந்தார்.
குடிக்கத் தொடங்கியிருந்த மறி
தலையைத் தூக்கவே இல்லை.