தொடர் எண்

என் வேலை விளக்கு போடுவது.
பச்சை என்றால் பேசலாம்.
மஞ்சள் என்றால் இன்னும் முப்பது நொடி.
சிவப்பு வந்தால், வாக்கியம் எங்கே நிற்கிறதோ
அங்கேயே அதை விட்டுவிட்டு எழ வேண்டும்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
துப்பாக்கிகளைப் பதியச் சொல்லும் மசோதாவுக்கு
இன்று இருநூற்றுப் பதினான்கு பேர்.

வெளியே ஒலிம்பியாவின் பிப்ரவரி மழை.
உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடை.
வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு உடுத்தி வந்திருந்தார்கள்.
மசோதா வேண்டும் என்பவர்களும் ஆரஞ்சுதான்.
காட்டில் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம்:
நான் மனிதன், சுட்டுவிடாதே.
எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல்
நிருபர் ஒருவர் சுவரோரம் நின்றார்.

வெனாச்சியிலிருந்து ஒரு ஆப்பிள் தோட்டக்காரர்:
"பட்டியலில் என் பேர் இருக்கும்.
சட்டத்தை மதிக்காதவன்
கையெழுத்துப் போடவா வரப்போகிறான்?"
மஞ்சள்.

டகோமாவிலிருந்து அவசரப் பிரிவு நர்ஸ்:
"உள்ளே போன துளையை
என் சுண்டுவிரலால் அடைத்துவிடலாம்.
வெளியே வந்த துளையை"
சிவப்பு.
அணைக்க மறந்து கொஞ்ச நேரம்
அப்படியே எரியவிட்டேன்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் லாய்ட் கிம்மல்
பதினொன்றாம் பக்கத்தில்
ஒரு பாகத்தின் பெயரே தப்பு என்றார்.
தப்புதான்.
திருத்துவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

நூற்று நாற்பத்து மூன்றாவது பெயர்
வெர்லீன் ஆஸ்ட்ராண்டர்.
ஆதரவு, எதிர்ப்பு, வேறு என்ற மூன்று கட்டங்களில்
'வேறு' என்பதில் டிக் அடித்திருந்தார்.
அந்தக் கட்டம் இருப்பதையே
பலரும் கவனிப்பதில்லை.

"டயருக்குச் சங்கிலி கட்டி
பனிக் கணவாய் வழியே வந்தேன்," என்றார்.
"ஆறு மணி நேரம். பரவாயில்லை.
ஹார்லனின் மாமா ஒரு கன்றுக்குட்டி கொடுத்து
வாங்கிய துப்பாக்கி அது.
அந்தக் காலத்தில் எல்லாவற்றிலும்
எண் அடிக்க மாட்டார்களாம்.
போன அக்டோபரில், களஞ்சியத்தில்,
ஹார்லன் அதை எடுத்துக்கொண்டு
சரி, அது உங்களுக்கு வேண்டாம்.

பத்து வாரம் கழித்து
ஷெரீஃப் ஆபீஸில் திருப்பிக் கொடுத்தார்கள்.
நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தார்கள்.
விசை வளையத்தில் கம்பி போட்டு
ஒரு மஞ்சள் அட்டை.
அட்டையில் ஒரு எண் இருக்கிறது.
உங்கள் படிவத்தில் 'தொடர் எண்' என்ற இடத்தில்
நான் எழுத வேண்டியது அதையா?
இதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்."

பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
தலைவர் மசோதாவைப் புரட்டினார்.
சட்ட ஆலோசகர் அவர் காதருகே குனிந்தார்.
இருபத்தேழாம் பக்கம், பிறகு நாற்பதாம் பக்கம்.
மஞ்சள்.
யாரோ இருமினார்கள்.
விளக்கு போடுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது.
சிவப்பு.
"எழுத்தில் பதில் அனுப்புகிறோம், அம்மா."
அவர் தலையசைத்து, கைப்பையை மூடி,
நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.
அன்று நாற்காலியை உள்ளே தள்ளியவர் அவர் ஒருவர்தான்.

மாலையில் கூட்டிப் பார்த்தேன்.
ஆதரவு தொண்ணூற்றேழு.
எதிர்ப்பு நூற்றுப் பதினாறு.
வேறு ஒன்று.
நாளை இதே அறையில் நண்டு பிடிக்கும் உரிமம்.

வீட்டில், வாக்குவம் கிளீனருக்குப் பின்னால்,
என்னிடமும் ஒன்று இருக்கிறது.
முயலுக்கென்று வாங்கி, முயலையே காணாதது.
போர்வையைப் பிரித்து மேசை விளக்கின் கீழ் திருப்பினேன்.
எண் இருந்தது.
துருவுக்கு அடியில் கடைசி இலக்கம்
மூன்றா, எட்டா?
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
மறுபடி தேய்த்தேன்.

உள்ளறையிலிருந்து மரியெட்டின் குரல்:
"அந்த விளக்கை
இன்னும் எவ்வளவு நேரம் எரியவிடப் போகிறாய்?"