பதினேழாம் துண்டு

தேவகோட்டை, பஜனை மடம்.
பட்டாபிஷேகச் சீலையை
நாற்பத்தொரு துண்டாக எடுக்கிறோம்.
ஸ்கேனரின் வெளிச்சம் ஊர்ந்து போகையில்
காரியக்காரர் சாத்தப்பன்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மதியம் மின்சாரம் போய் வந்தது.
பதினேழாம் துண்டு மட்டும் மறுபடி.

இரவில் துண்டுகளை இணைக்கும்போது பார்க்கிறேன்:
ராமன் தோளில்
அம்பறாத்தூணி இருந்த இடத்தில் பொத்தல்.
பொத்தலின் ஓரத்தில்
மீசையும் மூன்று வாலும் துல்லியமாக,
வெள்ளியாய் ஒரு ராமபாணப் பூச்சி.

முதல் படத்தில் இல்லை.

"அழிச்சிரலாமா?" என்றாள் ரஹீமா.
சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.
எத்தனை வருஷத் தீனியோ,
சீதையின் விரல்வரை வந்திருக்கிறது.

காலையில் சீலையைப் புரட்டிப் புரட்டித் தேடினார் சாத்தப்பன்.
அகப்படவில்லை.
பதினேழில் மட்டும் இருக்கிறது,
தூணியில் மிஞ்சிய ஒரே பாணம்.