கருதியா

தொண்டியிலிருந்து வந்த சூரை
ஐஸ் பெட்டிக்குள் நீலமாகப் படுத்திருக்கிறது.
தேவகோட்டை விருந்துகளில் இதற்கு இலை கிடையாது.
ரத்தம் கட்டிய மீன் என்பார்கள்,
கருவாட்டுக்குப் போகட்டும் என்பார்கள்.

காதுகுத்துக்கு அறுநூறு இலை போட்டு முடித்தோம்.
அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன.
மணி நாலு, எங்களுக்கு இன்னும் சோறில்லை.
விடிகாலையிலிருந்து உப்புக்கறி வாசத்திலேயே நின்றவர்களுக்கு
உப்புக்கறி இறங்காது.
"ஒந் தீவுச் சாப்பாட்டத்தான் வையேன் பாப்பம்"
என்றாள் சிவப்பி, தேங்காய் நாரைக் கையிலிருந்து உதறியபடி.

பதினோரு வருஷம் மாலத்தீவு.
ஒரு பீடி அணைவதற்குள் சுற்றி வந்துவிடலாம்
எங்கள் ஓட்டல் இருந்த தீவை.
இத்தாலிக்காரனுக்கு மாவை நூலாக வேகவைத்து
பல்லுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம் வைப்பேன்.
ரஷ்யாக்காரிக்குப் பீட்ரூட் சூப்,
மேலே ஒரு கரண்டி புளித்த பாலேடு.
சீனாக்காரர்களுக்குக் கீரையை
சட்டி கண்டதும் எடுத்துவிட வேண்டும்.
நள்ளிரவு தாண்டித்தான் எங்கள் பந்தி.
பாத்திரம் கழுவும் ரஃபீக்குல் கடுகெண்ணெய்க்கு ஏங்குவான்.
மாத்தளைக்காரர் சம்பல் இடிப்பார்.
மணிலாப் பெண் எதைக் கொடுத்தாலும் வினிகர் ஊற்றுவாள்.
நடுவில், அந்த ஊர்க்காரன் நசீம் இறக்கி வைக்கும் சட்டி:
உப்புத் தண்ணீர், அதில் சூரை,
வேறொன்றும் இல்லை.
நுரையை மட்டும்
பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல
எடுத்துக்கொண்டே இருப்பான்.

"சோம்பு?"
இல்லை.
"பட்ட, கிராம்பு?"
இல்லை.
"தாளிக்கக்கூட மாட்டானா?"
மாட்டான்.
அடைக்கலம் மாஸ்டர் சிரித்தார்.
வெங்காயம் முதல் முட்டைவரை
கப்பலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் அது
என்று நான்தான் சொல்லியிருந்தேன்.
"பாவம்ப்பா. நம்மளுக்கு அப்புடியா?"

ஆணியில் மளிகைச் சீட்டு தொங்கியது.
சிவப்பி எழுத்துக் கூட்டினாள்.
அன்னாசிப்பூ.
"சீனாச் சரக்கு" என்றார் மாஸ்டர்.
ஏலம், போடி.
சோம்பு, வடக்கேயிருந்து.
கல்பாசி, ஏதோ மலைப் பாறை.
கவுனி அரிசி, பர்மா போனவர்கள் மூட்டையில் வந்ததாம்.
பெருங்காயத்துக்கு அவர் கையை மேற்கே வீசினார்,
அது எந்த நாட்டிலும் போய் விழலாம்.
"மொளகா?"
"ராம்நாட்டு முண்டு!" நெஞ்சு நிமிர்ந்தது.
"அதுக்கு முன்னாடி?"
அவர் பேசவில்லை.
"உப்பு?"
தூத்துக்குடி லாரி.
"தண்ணி?"
அதுவும் லாரிதான், இன்றைக்கு இரண்டு நடை.
சிவப்பி சீட்டை ஆணியில் திரும்பக் குத்தினாள்.
கண்மாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது,
தண்ணீர் தொடாத காற்று.

நான் வாயைத் திறக்கவில்லை.
நுரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சோற்றில் ஊற்றினேன்.
எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாய் கிள்ளி,
வெங்காயம் அரிந்து ஓரத்தில்.
எடுபிடிப் பையன் செங்குட்டு ஒரு வாய் வைத்துவிட்டு
"பச்சத் தண்ணி" என்று
பரோட்டாக் கடைக்குப் போய்விட்டான்.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
நசீம் ஒருமுறை என் மிளகுக் குழம்பைத் தின்றுவிட்டு
மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டான்,
நிஜமாகவே தேடினான்.

மாஸ்டர் கண்ணை மூடி உறிஞ்சினார்.
முப்பது வருஷம் மசாலா பார்த்த நாக்கு
முதலில் ஒன்றும் கிடைக்காமல் துழாவுவது
தாடையில் தெரிந்தது.
பிறகு நின்றது.
இடது கையில் தயாராகக் கிள்ளி வைத்திருந்த சோம்பை
வேட்டியில் தட்டிவிட்டார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

"பேரென்னப்பா இதுக்கு?"
"கருதியா."
"எதக் கருதியா?"

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
மீனைத்தான் என்றேன்.

"சரி, இன்னொரு கரண்டி ஊத்து.
எலுமிச்சங்கா வேணாம்."